கருப்பட்டிப் பொட்டலத்துக்குள் போர்த்துகீசியர்

ஊரிலிருந்து கிளம்பும்போது எனக்குக் கொடுத்தனுப்ப அக்கா கருப்பட்டி வாங்கி வைத்திருந்தாள். எங்கள் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வழக்கமாக ஓலைக் கொட்டானில்தான் வரும். இந்த முறை ராமேஸ்வரத்துக்கு வந்துபோகிறவர்களுக்காகக் கட்டிய பளபளப்புப் பொட்டலம். தமிழில் ‘சுக்குக் கருப்பட்டி’ என்றும், அதன் கீழே ஆங்கிலத்தில் ‘பால்மைரா ஜாகரி’ என்றும் அச்சடித்திருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, பனைன்னா பாம் ட்ரீன்னுதானே படிச்சோம்? இந்தப் பால்மைரா எங்கிருந்து வந்துச்சு? ஜாகரிங்கிறது இங்கிலீஷா, இல்ல நம்ம சொல்லா?”

அன்று சோறு ஆறும்வரை அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் பாலை ‘ஹாலு’ என்பார்கள் என்று தெரிந்திருந்தால் போதும். அதுகூட வழியில் வந்துவிடும்.

ஒரு சொல்லின் பூர்வீகம் தேடுவதும் ஒரு மனிதரின் பூர்வீகம் தேடுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. மூக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக யாரும் பங்காளி என்று சொல்லிச் சொத்தில் பங்கு கேட்க முடியாது, பத்திரம் வேண்டும். சொல்லுக்குப் பத்திரம் என்றால், அது முதன்முதலில் எழுத்தில் எப்போது வந்தது, அதற்கு முன் எந்த மொழியில் இருந்தது, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு யார் தூக்கிக்கொண்டு போனார்கள், போகும் வழியில் ஒலியும் பொருளும் எப்படித் திரிந்தன என்பதெல்லாம்தான். இதில் ஏதாவது ஒன்று இடித்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு மொழிக்குள் சொல் இருப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பாட்டி அம்மாவுக்கும் அம்மா பிள்ளைக்கும் பேசிப் பேசியே வந்தது: கை, மீன், பால் மாதிரி. இது மரபுச் சொல். மற்றது வெளியிலிருந்து வாங்கியது, அதாவது கடன்சொல். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் நாம் போர்த்துகீசியரிடம் வாங்கியவை. பாம்பன் கரையில் விடியற்காலையில் மீன் ஏலம் விடுகிறார்களே, அந்த ‘ஏலம்’கூட அவர்களுடைய சொல்தான். எத்தனையோ தலைமுறையாக நம் கரையில் கூவிக்கூவி இப்போது அதன் மேல் வெளியூர் வாடையே இல்லை. கடன்சொல் நன்றாகப் பழகிவிட்டால் அப்படித்தான் ஆகும்.

சரி, பொட்டலத்துக்கு வருவோம். முதலில் ஜாகரி. இன்றைய ஆங்கிலத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் நடக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்துக்கு வருகிறது. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் கோவாவில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய் எழுதிய பயணநூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளியானது. மரத்திலிருந்து இறக்கும் சாற்றைக் காய்ச்சி இங்கே சர்க்கரை எடுக்கிறார்கள், அதன் பெயர் ‘ஜாக்ரா’, நிறம் பழுப்பு என்பதால் அதற்குப் பெரிய மதிப்பில்லை என்று அதில் வருகிறது. (கருப்பட்டிக் காப்பி அவருக்கு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.) அவர் சொல்வது தென்னையை. ஆனால் கவனிக்க வேண்டியது, ஆங்கிலத்துக்குள் நுழையும்போது ஜாகரி என்றால் மரத்துச் சாற்றில் காய்ச்சியது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கரும்பு வெல்லம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் பொட்டலக்காரர் முன்னால் ஒரு ‘பால்மைரா’வைச் சேர்த்துத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஒலி பெரிதாக மாறவில்லை, பொருள் ஒரு செடிக்குத் தாவிவிட்டது.

ஆங்கிலத்துக்கு முந்தைய படி போர்த்துகீசியம்: ‘ஜாகரா’, ‘ஜாக்ரா’ என்று அவர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு யார் கொடுத்தது? வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் 1498இல் வந்து நின்றது கோழிக்கோட்டுப் பக்கம். மலையாளத்தில் பனை, தென்னை வெல்லத்துக்குச் ‘சக்கர’ என்று பெயர். முதலில் உள்ள ‘ச’ போர்த்துகீசிய வாயில் ‘ஜ’ ஆகிறது, நடுவில் அழுத்திச் சொல்லும் ‘க்க’ மெலிந்து ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ போல ஆகிறது. காலம் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது, தூக்கிப்போன ஆளும் தெரிகிறான். பத்திரம் சரி.

அடுத்த படி, மலையாளச் சக்கர எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்தில் ‘ஷர்க்கரா’ என்ற சொல்லுக்கு முதலில் பொருள் இனிப்பே இல்லை. சரளைக்கல், பொடிக்கல். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் குருணையாக எடுக்கப் பழகியபோது, கையில் எடுத்தால் நரநரவென்று சரளை மாதிரி இருந்த அந்தப் பொருளுக்குக் கல்லின் பெயரை வைத்துவிட்டார்கள். வடக்கே பேச்சுமொழியாக இருந்த பிராகிருதத்தில் ‘ர்க்க’ தேய்ந்து ‘க்க’ ஆனது: சக்கரா. நம் எழுத்துத் தமிழில் ‘சர்க்கரை’ என்று ‘ர்’ இருக்கிறது. ஆனால் பேசும்போது பாதிப் பேர் ‘சக்கரை’ என்றுதானே சொல்கிறோம்? பிராகிருதக்காரர்கள் செய்ததையே நம் நாக்கும் தன்பாட்டில் செய்கிறது.

இதே ஷர்க்கரா வடக்கு வழியாகவும் கிளம்பிப் போயிருக்கிறது. பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆனது. அரபியில் ‘சுக்கர்’. அரபியரோடு கரும்பும் சொல்லும் சேர்ந்து மத்தியதரைக் கடல் பக்கம் போய், பிற்கால லத்தீனில் ‘சுக்காரும்’, பிரெஞ்சில் ‘சூக்ர்’ என்று மாறி, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தை எட்டியது. அதுதான் ‘ஷுகர்’. அரபுக் கப்பல்களுக்கும் கீழக்கரைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு என்றாலும், இந்தச் சொல் நம் கரையைத் தொட்டுப் போனதாக எண்ணிவிடக் கூடாது. அது போன பாதை பாரசீகத்துப் பாதை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அரபியில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘அல்’ சேர்ப்பார்கள். சுக்கருக்கு முன்னால் அது ‘அஸ்’ என்று திரியும். அந்த ஒட்டோடு சேர்த்து அப்படியே வாங்கிக்கொண்ட ஸ்பானியர் ‘அஸூகார்’ என்றும் போர்த்துகீசியர் ‘அசூகார்’ என்றும் சொன்னார்கள். ஆக, கேரளக் கரையில் இறங்கிய போர்த்துகீசிய மாலுமியின் வாயில் ஏற்கெனவே அசூகார் இருக்கிறது. அங்கே ஒருவர் இனிப்புக் கட்டியை நீட்டிச் ‘சக்கர’ என்கிறார். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. புதுச் சரக்கு, புதுப் பெயர் என்று நினைத்து ஜாக்ரா என்று எழுதிக்கொண்டார்.

இப்படி ஒரே மூலம் இரண்டு வழியில் வந்து ஒரே மொழியில் இரண்டு சொல்லாக உட்கார்ந்துகொண்டால் அவற்றை இரட்டைச் சொற்கள் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஷுகரும் ஜாகரியும் இரட்டையர். உண்மையில் மூவர். பிராகிருதச் சக்கராவைக் கிரேக்கர்கள் ‘சாக்கரோன்’ என்று தனியாக வாங்கியிருந்தார்கள், லத்தீனிலும் அது இருந்தது. 1879இல் ஆய்வுக்கூடத்தில் ஒரு செயற்கை இனிப்பு அகப்பட்டபோது அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டிச் ‘சாக்கரின்’ என்று வைத்தார்கள். சர்க்கரை நோயாளி கருப்பட்டியை ஒதுக்கிவிட்டுச் சாக்கரின் போட்டுக் குடித்தாலும், சொல்லளவில் அவர் சாப்பிடுவது அதே சரளைக்கல்தான்.

அக்கா மகள் இடையில் புகுந்து, “நம்ம வீட்ல வெள்ளைச் சர்க்கரைய சீனின்னுதானே சொல்றோம்?” என்றாள். அது சீன தேசத்தின் பெயரால் வந்தது. பனங்கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ம் சும்மா இல்லை. ஆங்கிலக் ‘கேண்டி’யைப் பிரெஞ்சு, அரபி, பாரசீகம் என்று பின்னால் பிடித்துக்கொண்டே வந்தால், துண்டு என்று பொருள்படும் சமஸ்கிருதக் ‘கண்ட’த்தில் நிற்கும். அதற்கும் பின்னால் திராவிட மூலம் உண்டா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. ஒரு கருப்பட்டிக் கடைக்குள் இவ்வளவு பேர்.

அடுத்தது பால்மைரா. இது ஒருவகையில் இன்னும் சுவையான ஆள்.

போர்த்துகீசியத்தில் ‘பல்மெய்ரா’ என்றால் பனை வகை மரம், அவ்வளவுதான். அவர்கள் நம் கரைக்கும் புதியவர்கள் இல்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை இருக்கிறதே, அங்கே 1538இல் போர்த்துகீசியப் படைக்கும் மரக்காயர்களின் கப்பற்படைக்கும் பெரிய சண்டை நடந்தது. முத்துக் குளிக்கும் கரை யார் கையில் என்பதுதான் அதன் பின்னால் இருந்த விஷயம். கரையில் இறங்கிய எவனுக்கும் இந்தப் பக்கம் கண்ணில் படுவது மணலும் உடைமரமும் பனையும்தான். அவர்கள் தங்கள் பொதுச் சொல்லால் அதை அழைத்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர், அந்தப் பொதுச் சொல்லை இந்த ஒரு மரத்துக்கு மட்டும் தனிப்பெயராக்கிக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டலில் ஒரு கோணல் வேறு. சிரியாவில் பல்மைரா என்று புகழ்பெற்ற பழைய நகரம் ஒன்று உண்டு. படித்த வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். பல்மெய்ராவை எழுதும்போது கை தானாக நகரத்தின் எழுத்துக்கூட்டலுக்குப் போய்விட்டது. நம் பனைக்கும் சிரிய நகரத்துக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. கேட்ட சொல்லை நமக்குத் தெரிந்த இன்னொரு சொல்லோடு ஒட்டிவிடும் இந்தப் பழக்கம் எல்லா மொழிக்காரர்களிடமும் உண்டு.

பல்மெய்ராவுக்குப் பின்னால் இருப்பது லத்தீன் ‘பல்மா’. அதற்கு முதல் பொருள் உள்ளங்கை. விரித்த கை போல ஓலை விரிகிற மரத்துக்கும் அதே பெயர் ஆனது. ஈச்ச மரத்தைப் பார்த்தால் இந்த உவமை அவ்வளவாக ஒட்டாது. பனை ஓலையைப் பார்த்தால் சந்தேகமே வராது.

ஆங்கிலத்தின் ‘பாம்’ இதே பல்மாவிலிருந்து வந்த கடன்தான், ஆனால் இரண்டு தவணையாக வந்தது. மரத்தைக் குறிக்கும் பாம் பழைய ஆங்கிலக் காலத்திலேயே வந்துவிட்டது. பனையே முளைக்காத குளிர்நாட்டுக்கு இந்தச் சொல் எதற்கு? வேதாகமத்துக்கு. நம் தங்கச்சிமடம், பாம்பன் கோயில்களில் குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்திப் போகிறார்களே, அந்த ஞாயிறு அங்கேயும் உண்டு. ஓலை இல்லாத அவர்கள் வில்லோ மரக் கிளைகளை ஏந்திக்கொண்டு அதையே பாம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். உள்ளங்கையைக் குறிக்கும் பாம் அதற்கு வெகுகாலம் கழித்துப் பிரெஞ்சு வழியாக வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். லத்தீனும் ஆங்கிலமும் தூரத்து உறவு மொழிகள் என்கிறார்களே. அப்படியானால் பாம் கடன் என்று எப்படி அடித்துச் சொல்கிறோம்? பாட்டி சொத்தாகவும் இருக்கலாமே?

இதற்குத்தான் கன்னடப் பால் வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் என்றால் ஹல்லு. பத்து ஹத்து, புலி ஹுலி. சொல் முதலில் நாம் ‘ப’ சொல்லும் இடத்தில் கன்னடம் ‘ஹ’ சொல்கிறது. ஒன்றிரண்டில் நடந்தால் தற்செயல். வரிசையாக நடந்தால் விதி. பழங்கன்னடத்தில் ‘ப’வாக இருந்தது பிற்பாடு ‘ஹ’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் முன்னோர் மொழியிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. லத்தீன் ‘ப’ வைத்திருக்கும் இடத்தில் ஆங்கிலம் ‘ஃப’ வைத்திருக்கும்: தந்தைக்கு லத்தீனில் பாட்டர், ஆங்கிலத்தில் ஃபாதர். மீனுக்குப் பிஸ்கிஸ், ஃபிஷ். யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மானியர் 1822இல் இந்த மாற்றங்களை ஒரு விதியாக வகுத்துக் காட்டினார்.

அந்த விதிப்படி பார்த்தால், பல்மாவின் ஆங்கில உறவு ‘ஃப’வில் தொடங்க வேண்டும். தேடினால், பழைய ஆங்கிலத்தில் கை என்ற பொருளில் ‘ஃபோல்ம்’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது! அதுதான் பாட்டி கொடுத்த சொத்து. அது வழக்கொழிந்துவிட்டது. இப்போது இருக்கும் பாம், ‘ப’ மாறாமல் நிற்கிறது என்றால் மாற்றமெல்லாம் நடந்து முடிந்த பிறகு உள்ளே வந்தது என்று பொருள். அந்தப் ‘ப’தான் கடனுக்கு முத்திரை. கேட்க வேறு மாதிரி ஒலிக்கும் ஃபோல்ம் சொந்தக்காரன், அச்சாக ஒத்திருக்கும் பாம் கடன்காரன். முகஜாடையை நம்பாதே என்று முதலில் சொன்னது இதனால்தான்.

பல்மாவுக்கும் ஃபோல்முக்கும் பொதுவான அந்தப் பழைய வடிவம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டுக் கணக்காகப் போட்டு எடுக்கிறார்கள். அப்படிக் கணித்த வடிவங்களுக்கு முன்னால் அகராதியில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைப் பார்த்தால், எழுத்தில் கிடைத்ததல்ல, ஊகித்து எடுத்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த ஒப்பீட்டு வேலைக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதிக் காட்டியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதற்கு நாற்பது வருடம் கழித்துத்தான் வருகிறது. அந்த எல்லிஸ் 1819இல் இறந்தது இராமநாதபுரத்தில்.

பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மானங்களில் ‘ஜிஞ்சர்’ என்றும் போட்டிருந்தது. இதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். பழைய ஆங்கிலத்தில் ஜிங்கிஃபர், லத்தீனில் ஜிங்கிபர், கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் சிங்கிவேர. அந்தச் சிங்கிவேரத்துக்குப் பின்னால் இருப்பது நம் பக்கத்து இஞ்சியும் வேரும். சமஸ்கிருதம் அதைச் ‘சிருங்கவேர’ என்று எழுதிக் கொம்பு என்ற பொருளை ஏற்றிக்கொண்டது. பால்மைராவுக்கு நடந்த அதே கோணல்.

இப்படி உண்மையான பத்திரம் உள்ள சொல் கையில் இருக்கும்போது, போலிப் பத்திரம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். ‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. ஒலி ஒன்று, பொருளும் ஒன்று. ஆனால் பாதை வேறு. ஆங்கிலேயர் பணத்தைச் சொல்லும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் ‘கப்ஸா’விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணப்பெட்டி பிறகு பணமே ஆனது. விசித்திரம் என்னவென்றால், நம் காசிலிருந்து போன கேஷ் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தது. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்துக்கு அந்தப் பெயர். அதுவும் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனதே. எழுத்து ஒன்றாக, உறவே இல்லாத இரண்டு சொற்கள். ஷுகரும் ஜாகரியும் வேறு வேறு முகத்தோடு உடன்பிறப்பாக இருக்க, இவை ஒரே முகத்தோடு அந்நியராக நிற்கின்றன.

“அப்ப கருப்பட்டி?” என்றாள் அக்கா மகள். இவ்வளவு நேரம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கையில் இருப்பதைக் கேட்காமல் விட்டால் எப்படி.

கருப்புக்கட்டி என்பதுதான் தேய்ந்து கருப்பட்டி ஆனது. கறுத்த நிறத்தால் வந்த பெயர் என்றுதான் யாரும் சட்டென்று சொல்வார்கள். ஆனால் ‘இரும்பு’ பாதையோடு சேர்ந்தால் ‘இருப்புப்பாதை’ ஆகிறதல்லவா? அதே கணக்கில் ‘கரும்பு’ கட்டியோடு சேர்ந்தாலும் கருப்புக்கட்டிதான். மன்மதன் கையில் இருக்கும் கரும்பு வில்லைப் பழைய பாட்டுகள் ‘கருப்பு வில்’ என்றே சொல்கின்றன. அப்படிப் பார்த்தால், கரும்புக்குச் சேர வேண்டிய பெயர் பனைக்கு வந்திருக்கலாம். ஜாகரி பனை தென்னையிலிருந்து கரும்புக்குத் தாவியது போல, இது எதிர்த் திசையில் தாவிய கதை.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “கரும்பா? பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்புக்கே வெளியூர் லாரிய எதிர்பார்க்கிற சீமைடா இது. கருப்பா இருக்கு, கருப்பட்டி. நீ வந்து சாப்பிடு.”